இயற்பியல் பட்டத்துக்குப் பிறகு கடல்சார் நிலவியலா, கடல்சார் புவி இயற்பியலா?

உவரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு கல்லூரியில் இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் உவரி. அப்பா பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். முதுநிலையில் கடலடி நிலத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே எனக்கு ஆசை உண்டு. அதற்கு வித்திட்டது அப்பாவின் படகில் இருக்கும் மீன் காட்டும் கருவி. அதன் சிறிய திரையில் கடல்தரை ஒரு தடித்த கோடாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஓரிடத்தில் சட்டென்று எழும்பினால், "பார் வந்துட்டு" என்பார் அப்பா. கடலடியில் எழும்பி நிற்கும் கல்மேட்டைத்தான் நாங்கள் பார் என்போம். வலை விடுவதா, தூண்டில் போடுவதா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அந்தக் கருவி வருவதற்கு முன்பே தாத்தாவுக்கு அந்தப் பார் இருக்கும் இடம் தெரியும். கரையில் தெரியும் கோயிலையும் மேற்கே தெரியும் மலை முகட்டையும் வைத்துக் கணியம் பார்த்துப் படகை நிறுத்துவாராம். பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இத்தனை பாகம் ஆழம் என்று கயிற்றை அளந்து சொல்லிவிட்டு, குண்டின் அடியில் ஒட்டிவந்த மண்ணைத் தடவிப் பார்த்து, அடியில் சேறா, மணலா, கல்லா என்பதையும் சொல்லிவிடுவாராம்.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன். கடல்சார் நிலவியல், கடல்சார் புவி இயற்பியல் என்று இரண்டு முதுநிலைப் படிப்புகள் இருப்பதாக அறிகிறேன். என் பட்டத்தில் நிலவியல் ஒரு தாள்கூட இல்லை. எதை எடுத்தால் நான் தடுமாறாமல் படிக்க முடியும்? எங்கே படிக்கலாம், என்ன தேர்வு எழுத வேண்டும்? படித்து முடித்தால் வேலை உண்டா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மேற்படிப்பு பற்றிப் பேச வந்த ஒருவர், "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு கப்பல் படிப்பு, பி.எட். படிச்சா போதும்" என்று அம்மாவின் எதிரிலேயே சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. கப்பலில் ஆய்வுக்குப் போன பெண்கள் யாராவது இங்கே இருந்தால் உண்மை நிலையைச் சொல்லுங்கள். அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

அம்பைக்காரன் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம். கடலை முதன்முதலாகத் திருச்செந்தூரில் பார்த்தவன் நான். நானும் உங்களைப் போல இயற்பியலிலிருந்துதான் வந்தேன். பதினைந்து ஆண்டுகளாகக் கடலடி அதிர்வலைத் தரவுகளைப் பகுத்தாய்வதே என் தொழில்.

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் தாத்தாவின் கயிற்றிலேயே இருக்கிறது. கயிற்றின் நீளத்தைக் கொண்டு ஆழத்தை அறிந்தாரே, அது புவி இயற்பியலின் வழி: தொடாத ஒன்றை ஓர் அளவையின் மூலம் அறிவது. குண்டில் ஒட்டிவந்த மண்ணைத் தடவிப் பார்த்தாரே, அது நிலவியலின் வழி: பொருளையே கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது, எப்படிப் படிந்தது என்று கேட்பது. பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டம் கொடுக்கிறார்கள் என்பது நிர்வாக வசதிக்காக வந்த பிரிவு. கடலில் இரண்டும் ஒரே கயிற்றில்தான் இறங்குகின்றன.

படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அப்பாவின் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்லும். நீங்கள் அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்ப 4 நொடி ஆனால், போக 2, வர 2, ஆக ஆழம் 3,000 மீட்டர். இது பள்ளிக் கணக்கு. ஆனால் அந்த 1,500 என்பது நிலையான எண் அல்ல. நீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வேகத்தை நொடிக்கு 10 மீட்டர் தவறாக எடுத்துக்கொண்டால் அதே 3,000 மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர் பிழை வந்துவிடும்; அதாவது ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். அதனால்தான் ஆய்வுக் கப்பல் ஒரு புதிய பகுதிக்குள் நுழைந்ததும் முதலில் நீரின் தன்மையை மேலிருந்து கீழ்வரை அளக்கிறார்கள். முதுநிலையின் முதல் பருவம் முழுவதும், இப்படி நமக்குத் தெரிந்ததாக நினைத்திருந்த ஒவ்வொரு எண்ணையும் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கும்.

அடுத்து அதிர்வெண். மீன் காட்டும் கருவி நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் ஒலியை அனுப்புவதால் அது தரையின் மேற்பரப்போடு திரும்பிவிடுகிறது. நொடிக்கு 3,500 முறை அதிரும் ஒலியை அனுப்பினால் அது மென்மையான சேற்றுக்குள் சில பத்து மீட்டர் இறங்கி, உள்ளே இருக்கும் அடுக்குகளைக் காட்டும். அழுத்தப்பட்ட காற்றை நீருக்குள் திடீரென வெளியேற்றும் ஏர் கன் எழுப்பும் ஒலி நொடிக்குச் சில பத்து முறை மட்டுமே அதிரும். அது பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறையையும் தொட்டு வரும். ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் நுணுக்கத்தை இழக்க வேண்டும், நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் ஆழத்தை இழக்க வேண்டும் என்பதால், எந்தக் கேள்விக்கு எந்த ஒலி என்று முடிவு செய்வதில்தான் ஒருவரின் தேர்ச்சி தெரியும்.

காந்தப்புலத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடல்தரை, நடு முகடுகள் என்ற கடலடி மலைத்தொடர்களில் புதிதாகப் பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்ற கருத்தை நிலவியலாளர் ஹாரி ஹெஸ் 1962-இல் முன்வைத்தார். அடுத்த ஆண்டே பிரெடெரிக் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் அதற்கு வலுவான சான்றைக் காட்டும் வழியைக் கண்டார்கள். முகட்டில் மேலெழும் பாறைக்குழம்பு குளிர்ந்து பாறையாகும்போது அதிலுள்ள காந்தத் தாதுக்கள் அந்தக் காலத்துப் புவிக்காந்தத்தின் திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். புவிக்காந்தத்தின் வடக்கும் தெற்கும் அவ்வப்போது இடம் மாறுவதால் (கடைசியாக முழுமையாக மாறியது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு) முகட்டின் இரு பக்கமும் வரிவரியாகக் காந்தத் தடங்கள் இருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் கையிலிருந்த தரவு எந்தக் கடலிலிருந்து வந்தது தெரியுமா? நம் இந்தியப் பெருங்கடலின் வடமேற்கிலுள்ள கார்ல்ஸ்பெர்க் முகட்டிலிருந்து வந்தது. உலக நிலவியலையே புரட்டிப்போட்ட ஒரு கருத்துக்கு நம் கடலின் அளவீடு அடிப்படையாக இருந்தது என்பதை வகுப்பில் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கணிதத்தைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒதுக்கவும் முடியாது. ஃபூரியே மாற்றம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய மூன்றும் தினமும் புழங்கும். பைத்தான் மொழியில் நிரல் எழுத இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.

நிலவியல் தெரியாமல் இந்தத் துறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 150 மீட்டர் ஆழமுள்ள கடற்பகுதியில் எடுத்த அதிர்வலைப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். கடல்தரை 0.2 நொடியில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே 0.4 நொடியில் இன்னொரு கோடு, அதுவும் நல்ல அழுத்தமாக. கெட்டியான பாறை அடுக்கு என்று குறித்து, இரண்டு வாரம் உழைத்து அதன் வரைபடத்தையே போட்டுவிட்டேன். நிலவியல் படித்த மூத்தவர் ஒருவர் வந்து ஒரு நிமிடம் பார்த்தார். "மேலே தரை சரியுற இடத்துல எல்லாம் உன் அடுக்கு சரியா ரெண்டு மடங்கு சரியுதே, எந்த மண்ணு இப்படிக் கணக்குப் பார்த்துப் படியும்?" என்று கேட்டார். அது அடுக்கே இல்லை. ஒலி தரையில் பட்டு, நீர்ப்பரப்பில் மோதித் திரும்பி, மீண்டும் தரையில் பட்டு வந்த இரட்டை எதிரொலி. பன்மடி எதிரொலியைப் பற்றிப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனால் படத்தைப் பார்த்ததும் இது மண் படியும் விதமாக இல்லையே என்று தோன்றுவதற்கு எனக்கு மண்ணைத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே என் கருத்து: நீங்கள் புவி இயற்பியலையே எடுங்கள், உங்கள் பட்டத்துக்கு அது இயல்பாகப் பொருந்தும். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போதெல்லாம் படிவியலையும் (மண்ணும் மணலும் படியும் விதம்) கடலடி நிலத்தோற்றவியலையும் (கடல்தரையின் மேடுபள்ளங்கள்) எடுத்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காட்டு ஆசிரியர் எழுதியது:

மகளே, முப்பது ஆண்டு நிலவியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அம்பைத் தம்பி அருமையாக எழுதியிருக்கிறார். அவருடைய முடிவையும் ஏற்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நிலவியலை இரண்டு விருப்பப் பாடங்களில் பிடித்துவிட முடியாது. அது கண்ணுக்குப் பழக வேண்டிய கல்வி, அதற்கு நாள் பிடிக்கும். நல்லவேளையாக நீ பிறந்த கரையே அதற்கு ஏற்ற பாடசாலை. கப்பலேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உவரிக் கரையில் அலை வடியும் இடத்தில், வெள்ளை மணலின் மேல் கறுப்பும் கருஞ்சிவப்புமாகப் பட்டை பட்டையாக மணல் ஒதுங்கியிருப்பதை நீ ஆயிரம் முறை மிதித்திருப்பாய். அடுத்தமுறை உட்கார்ந்து பார். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், கருஞ்சிவப்பு கார்னெட், கண்ணில் மினுங்கும் நிறமற்ற துகள்களில் சிர்கானும் கலந்திருக்கும். சாதாரண மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் தூக்கி வருகிறது, வடியும் அலைக்கு அந்த வலு இல்லாததால் கனமானதை விட்டுவிட்டு லேசானதை மட்டும் இழுத்துச் செல்கிறது. முறத்தில் அரிசி புடைப்பதைப் போன்ற வேலை இது. கடல் இதை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இந்தத் தாதுக்கள் பிறந்த இடம் கடல் அல்ல. மேற்கே மலைகளிலும் அவற்றின் அடிவாரத்திலும் இருக்கிற சார்னோகைட், கார்னெட் கலந்த நைஸ் போன்ற பழம்பாறைகள் சிதைந்து ஆற்றில் வந்தவை அவை. ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு போ. பார்த்துவிட்டு மணலை அங்கேயே போட்டுவிடு. இதில் அணுசக்தித் தொடர்புடைய மோனசைட்டும் கலந்திருப்பதால் கடற்கரை மணலை எடுத்துச் செல்வதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு.

அடுத்து கொற்கைக்கு ஒருநாள் போய்வா. சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் உள்ளே வயல் நடுவில் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடையன்குடியிலிருந்த கால்டுவெல் அங்கே அகழ்ந்து பார்த்து, மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கிடைப்பதை எழுதி வைத்தார். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிச் செல்ல, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், பிறகு ஆற்று முகத்திலுள்ள புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு எழுதியது அந்த நடுவிலுள்ள காயலைத்தான். மூன்று ஊர்களும் ஒரு டெல்டா வளர்ந்த கதையின் மூன்று படிகள். வரலாற்றாசிரியர்கள் இதைத் துறைமுகத்தின் வீழ்ச்சி என்பார்கள். எனக்கு இது ஆற்றின் வளர்ச்சியாகத் தெரிகிறது.

தேரியைச் சொல்லாமல் விட்டால் என் புனைபெயருக்கே அழகில்லை. சாத்தான்குளம் பக்கமும் குதிரைமொழித் தேரியிலும் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. மலையடிவாரத்துச் செம்மண்ணை மேல்காற்று கிழக்கே அள்ளிக்கொண்டு வந்தது என்பது பழைய கருத்து. கடல் விலகியிருந்த காலத்தில் வெளிப்பட்ட கடலடி மணலைக் காற்று கரையேற்றியது, பிறகு அதிலிருந்த இரும்புத் தாதுக்கள் துருவேறிச் சிவந்தன என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்து உனக்கு வியப்பாக இருக்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் நீர் இன்றைவிட மிகுதியாகப் பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அதாவது அப்பா வலை வீசும் கடற்பரப்பின் அடித்தரை பெரும்பாலும் அன்று காற்றடிக்கும் வெளியாக இருந்த நிலம். உன் தாத்தா சொல்லும் பார்களில் பழைய கரையோர மணல் இறுகிக் கல்லானவையும் இருக்கக்கூடும், பவளம் வளர்ந்தவையும் இருக்கக்கூடும். எது எது என்று சொல்ல அம்பைத் தம்பியின் ஒலியும் வேண்டும், எங்கள் சுத்தியலும் வேண்டும்.

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. விடுமுறையில் அங்கே போய், தாது, பாறை மாதிரிகளைப் பார்க்க அனுமதி கேட்டுப்பார். ஆர்வத்தோடு வரும் பிள்ளையை எந்த நிலவியல் ஆசிரியரும் திருப்பி அனுப்பமாட்டார்.

செங்கோட்டைத் தென்றல் எழுதியது:

தங்கச்சி, அம்மாவிடம் படித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன். நான் ஆய்வுக் கப்பலில் மூன்று பயணம் போனவள். மிக நீண்டது முப்பத்திரண்டு நாள்.

முதலில் அம்மாவுக்கு: 1983-இல் கிளம்பிய இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிகா பயணத்திலேயே கடலியலாளர் அதிதி பந்த், நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா என்று இரண்டு பெண்கள் போய்வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் நம் ஆய்வுக் கப்பல்களில் வேலை செய்திருக்கிறார்கள். நான் போன பயணங்களில் பெண்களுக்குத் தனி அறை இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, மருத்துவர் இருந்தார். வேலை நான்கு மணி நேரம், ஓய்வு எட்டு மணி நேரம், மறுபடியும் நான்கு மணி நேரம் என்று சுற்றில் வரும். நள்ளிரவில் தொடங்கும் முறையும் கிடைக்கும். குறை இல்லாமல் இல்லை. முதல் பயணத்தில் பெண்களின் கால் அளவுக்குப் பாதுகாப்புக் காலணியே கப்பலில் இல்லை. இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு ஆண்களின் காலணியோடு மேல்தளத்தில் நின்றேன். அதை எழுத்தில் கொடுத்தோம், அடுத்த பயணத்தில் சரியான அளவு வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறும் துணிவு வேண்டும்.

கடல் மயக்கம் முதல் மூன்று நாள் என்னைப் புரட்டி எடுத்தது. வெறும் வயிற்றோடு இருக்காமல் ரொட்டி, பொரி என்று உலர்ந்ததாகக் கொஞ்சம் கொஞ்சம் தின்றுகொண்டு, அறைக்குள் முடங்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்து நின்றால் மெல்லத் தணியும். நீ படகுக்காரர் மகள், என்னைவிடச் சீக்கிரம் தேறிவிடுவாய்.

இப்போது உனக்கு. முதல் மண்தூண் மேலே வந்த இரவை நான் மறக்கவில்லை. எடை கட்டிய நீண்ட இரும்புக் குழாயைக் கம்பி வடத்தில் இறக்கி, கடல்தரைக்குள் குத்தி இழுப்பார்கள். ஆயிரக்கணக்கான மீட்டர் வடம் சுருண்டு ஏற மணிக்கணக்காகும். விடியற்காலை மூன்று மணிக்குக் குழாய் தளத்துக்கு வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையோடு மண்ணை உருவி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதி ஆய்வுக்கு, மறு பாதி தொடாமல் பாதுகாப்புக்கு. மேலே இளம்பழுப்பு, கீழே போகப் போகச் சாம்பல், நடுவில் விரலளவுக்குக் கறுத்த பட்டை. கையில் எடுத்த சேறு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. ஆழ்கடல் எவ்வளவு குளிர் என்பதை அந்தச் சேற்றில்தான் உணர்ந்தேன். ஒரு சிட்டிகை எடுத்துச் சல்லடையில் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால், ஊசிமுனை அளவில் வெள்ளை உருண்டைகள், ஒவ்வொன்றிலும் அறை அறையாகக் கூடு. ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் அவை. அந்த ஓட்டிலுள்ள ஆக்சிஜனின் வகைகளை அளந்து அது வாழ்ந்த காலத்துக் கடலின் வெப்பத்தையும் உலகின் பனியளவையும் கணிக்கிறார்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோதான் மண் படியும். என் உள்ளங்கை அகலத்தில் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் இருந்தன என்று எண்ணிப் பார்த்து, அதன்பின் அந்த மண்ணைத் துடைக்கக்கூட மனம் வரவில்லை.

கப்பல் வேலை ஆண்டில் சில வாரங்கள்தான் என்பதையும் அம்மாவிடம் சொல். மற்ற நாளெல்லாம் கரையில், ஆய்வகத்திலும் கணினி முன்பும்.

கொச்சியில் ஒருவன் எழுதியது:

அக்கா, எனக்கு வள்ளியூர். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இங்கே கடல்சார் நிலவியல், புவி இயற்பியல் இரண்டுக்குமாக ஒரே துறையே இருக்கிறது. நுழைவுத் தேர்வு பல்கலைக்கழகமே நடத்துகிறது. பொதுவாகக் கடல்சார் நிலவியலுக்கு இளநிலையில் நிலவியல் கேட்பார்கள், புவி இயற்பியலில் இயற்பியல் பட்டத்துக்கு இடம் உண்டு. தகுதி விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம் புவி இயற்பியலுக்குப் பெயர்பெற்றது. மங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நிலவியல் இருக்கிறது. கோவாவில் பல்கலைக்கழகமும் டோனா பவுலாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஒரே ஊர்ப்பக்கம். தன்பாத், மும்பை போன்ற ஐ.ஐ.டி.களில் பயன்பாட்டுப் புவி இயற்பியல் படிக்க ஜாம் தேர்வு எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "கடல் அறிவியல்" என்று தலைப்பிட்ட படிப்புகளில் பல, கடல் உயிரியலோ மீன்வளமோ பற்றியவை. அவை நல்ல படிப்புகள், ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். என்னோடு பள்ளியில் படித்தவன் இதைக் கவனிக்காமல் சேர்ந்து ஒரு ஆண்டை இழந்தான்.

வேலைக்கு: இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பணிகளுக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு முக்கியமானது. அந்த நிறுவனத்தின் கடல் பிரிவுக்குத் தலைமையிடம் மங்களூர், ஆய்வுக் கப்பல்களும் உண்டு. மேற்படிப்புக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் உதவும் கேட் தேர்வில் நிலவியலும் புவி இயற்பியலும் ஒரே தாளில் தனித்தனிப் பகுதியாக வரும். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கி வாகனம் அங்கேதான் உருவாகிறது. 2021-இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் பகுதி அது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள், துறைமுகம், கடலடிக் கேபிள், இப்போது பேசப்படும் மன்னார் வளைகுடாக் காற்றாலைகள் எல்லாவற்றுக்கும் கடல்தரை ஆய்வு தேவை. படித்து முடித்ததும் வேலை வாசலில் நிற்கும் என்று சொல்லமாட்டேன். எங்கள் மூத்த மாணவர்களில் பலர் தேர்வுகளுக்காக ஓரிரு ஆண்டு காத்திருந்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குக் காத்திருப்பு குறைந்ததைக் கண்ணாரப் பார்க்கிறேன்.

உவரிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செங்கோட்டை அக்காவின் பதிலை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னார். காலணிக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்பம் கேட்டா குடுக்காங்க" என்று மட்டும் சொன்னார். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்துவிட்டார். புவி இயற்பியலையே எடுக்கிறேன். தேரி ஐயா சொன்ன மணலையும் பார்த்துவிட்டேன், காந்தத்தில் கறுப்புத் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொண்டன.

ஒரு சிறு சந்தேகம். தாத்தாவிடம் அவருக்குத் தெரிந்த பார்களையெல்லாம் கேட்டு எழுதத் தொடங்கினேன். ஒரு பாரின் விளிம்பில் 22 பாகம் என்றார். ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.83 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 40 மீட்டர் வருகிறது. ஆனால் அதே இடத்தில் அப்பாவின் கருவி 37 மீட்டர் என்று காட்டுகிறது. மூன்று மீட்டர் எங்கே போயிற்று? ஏற்ற வற்றமாக இருக்குமோ?

அம்பைக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாவில் ஏற்ற வற்றத்தின் வீச்சு ஒரு மீட்டர் அளவுக்குள்தான் இருக்கும் என்பதால் அதனால் மூன்று மீட்டர் வராது. கயிறு செங்குத்தாக இறங்கியிருக்காமல் நீரோட்டத்தில் சாய்ந்திருக்கலாம். 23 டிகிரி சாய்ந்தாலே 37 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் கயிறு செலவாகும். அப்படியானால், நீரோட்டம் குறைந்த நாளில் அளந்த பார்களில் இந்த வேறுபாடு இருக்கக்கூடாது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த அகலம். ஆறடி என்பது புத்தகத்தில் உள்ள பாகம். தாத்தா அளந்தது தம் கையால். அப்படியானால் எல்லாப் பார்களிலும் ஒரே விகிதத்தில் வேறுபாடு வரும். ஒரு அளவுநாடா எடுத்துக்கொண்டு போய் அவரைக் கைகளை விரிக்கச் சொல்லுங்கள்.

உவரிக்காரி எழுதியது:

அளந்துவிட்டேன். 1 மீட்டர் 68 சென்டிமீட்டர். 22-ஆல் பெருக்கினால் 36.96. இன்னும் நான்கு பார்களுக்கு அப்பாவின் கருவி காட்டிய ஆழம் எங்களிடம் இருக்கிறது. மூன்றில் கணக்கு ஒரு மீட்டருக்குள் பொருந்திவிட்டது. நான்காவது பொருந்தவில்லை, ஐந்து மீட்டர் கூடுதலாக இருக்கிறது. அது எந்த மாதத்தில் அளந்தது என்று கேட்டேன். "அது ஆடிக் கச்சான்ல, வெள்ளம் இழுத்துக்கிட்டு ஓடுன நேரம்" என்றார் தாத்தா. கச்சான் என்றால் எங்கள் பேச்சில் மேல்காற்று, வெள்ளம் என்றால் நீரோட்டம். அந்த வரியில் கயிற்றின் சாய்வுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டுவைத்திருக்கிறேன்.